வெட்டாமல் விட்ட துண்டு

மேடையில் என் கணவர் என்னைப் பெட்டிக்குள் படுக்கவைத்து ரம்பத்தால் இரண்டாக அறுப்பார். கைதட்டல் வரும், நான் எழுந்து கும்பிடுவேன். அதில் எனக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. பிறகு அவருக்கு மாய வீடியோ எடுக்கும் பித்துப் பிடித்தது.

ஒத்தக்கடை வீட்டு மொட்டைமாடியில், ஸ்டாண்டில் செல்போன் ஓடிக்கொண்டிருக்கும். நான் சொம்பை நீட்டியபடி ஆடாமல் நிற்பேன். அவர் வந்து சொம்பை எடுத்துவிட்டு, என் கையில் சேவலை வைத்துவிட்டு விலகுவார். அவர் வந்துபோன நடுத்துண்டை வெட்டிவிட்டால் சொம்பு சேவலாகிவிடும். வெட்டுவது என் வேலை.

நான் அசைந்தால் அடி விழும். கன்னத்தில், முதுகில், கைக்குக் கிடைத்ததால். வாங்கிக்கொண்டு அதே இடத்தில் சிரித்தபடி மறுபடி நிற்க வேண்டும். அப்புறம் என் அடியை நானே வெட்டி எறிவேன். இரண்டு வருஷம் இப்படி. அவரைவிட என் விரல்கள்மீதுதான் எனக்கு ஆத்திரம்.

பரவையில் விவசாயம் பார்க்கும் அண்ணனிடம் சொன்னேன். "மாப்ள கோவக்காரரு, அம்புட்டுதேன். நீ ஒழுங்கா நின்னா அவரு எதுக்குக் கை நீட்டப் போறாரு?" என்றான்.

ஒருநாள் சேவல் பிறாண்டியது, கையை உதறிவிட்டேன். அவர் உதிரி ஸ்டாண்டின் இரும்புக் காலால் அடித்தார். மணிக்கட்டு மளுக்கென்றது. "சுளுக்குதான்" என்றார். துணியைச் சுற்றிக்கொண்டு, இடக்கையால் அந்த வீடியோவை வெட்டாமல் அப்படியே போட்டுவிட்டேன். ஊர் பார்க்கட்டும், அண்ணன் பார்க்கட்டும்.

பார்த்தார்கள். "அடி நெசமா விழுந்த மாதிரியே இருக்கே, எப்படிண்ணே?" என்று வீடியோவுக்குக் கீழே அவரிடம் வரிசையாகக் கேட்டார்கள். அண்ணனும் போனில் சிரித்தான். "மாப்ள பின்னிட்டாரு!"

மறுநாள் காலையில் அவர் முகமெல்லாம் பல். "இதே மாதிரி இன்னொண்ணு எடுப்போம். நில்லுடி" என்று கேமராவைச் சரிசெய்யக் குனிந்தார். அந்த இரும்புக் காலை இடக்கையால் எடுத்து, அந்த ஆளின் முழங்காலில் என் பலத்தையெல்லாம் சேர்த்துப் போட்டேன். சுருண்டு விழுந்து அலறினார். எனக்கு நிம்மதியாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பஸ் மாறிப் பரவைக்குப் போய், துணியை அவிழ்த்து, வீங்கிக் கறுத்த கையை அண்ணன் முன்னால் நீட்டினேன்.

"இதுல எது வித்தைன்னு தொட்டுப் பாத்துச் சொல்லுண்ணே."

தொட்டான். நான் போட்ட அலறலில் அவன் முகம் வெளுத்தது. எழுந்துபோய் அரிவாளோடு வந்தான்.

"அத வையிண்ணே. அடிக்கிறத நானே அடிச்சிட்டுத்தேன் வாரேன். நீ ஆசுபத்திரிக்கு வண்டிய எடு."