ராமாமணியின் எட்டாவது ஃபைனல்

டென்னிஸ் அம்பயர் நாற்காலியில் நாற்பது வருடம் உட்கார்ந்தவன் நான். வாயாடுகிறவர்கள், மட்டையை உடைக்கிறவர்கள் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. ராமாமணியைப் போல ஒருவரைப் பார்த்ததில்லை.

உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக் குடும்பம். கோவைத் தொலைபேசி நிலையத்தில் வேலை. முப்பத்தொரு வயதுவரை மட்டையைத் தொட்டதே இல்லை. அலுவலகப் பெண்கள் அணியில் ஓர் ஆள் குறைந்ததால் இவரைச் சேர்த்தார்கள். முதல் ஆட்டத்தில் ஒரு கேம்கூட எடுக்கவில்லை. மறுநாள் விடிகாலையில் அலுவலகச் சுவரில் பந்தடிக்கத் தொடங்கியவர், முப்பத்தேழு வருடம் நிறுத்தவில்லை. அறுபத்தொன்றில் முழங்கால் அறுவை சிகிச்சை. ஓடக் கூடாது என்றார் டாக்டர். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, எதிராளியை ஓடவைக்கும் டிராப் ஷாட்டைக் கற்றுக்கொண்டார். வலையைத் தாண்டியதும் பந்து அப்படியே உட்கார்ந்துவிடும். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மாநில மூத்தோர் போட்டியில் ஏழு முறை ஃபைனல், ஏழு முறையும் தோல்வி. 'ரன்னர்-அப் ராமாமணி' என்று கிண்டலடிப்போம். "ஏழு கோப்பைங்க, ஊட்டுல கரண்டி போட்டு வைக்கறனுங்க" என்று அவரும் சிரிப்பார். போன வருடம் எட்டாவது ஃபைனலுக்கு வந்தபோது சிரிக்கவில்லை. அடுத்த மாதம் இன்னொரு முழங்காலிலும் அறுவை சிகிச்சை. அதன் பிறகு அவர் ஆடவே முடியாது. ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்று என்னிடம் வாய்விட்டே சொன்னார்.

எதிரில் உம்மல் குல்சும், கோட்டைமேட்டுக்காரர், ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை, ஒரு வயது மூத்தவர். பத்துப் பாயிண்டும், இரண்டு பாயிண்ட் வித்தியாசமும் எடுத்தால்தான் ஜெயிக்க முடிகிற கடைசி டைபிரேக்கில் ராமாமணிக்கு 9-8. இன்னும் ஒரே பாயிண்ட். டிராப் ஷாட் போட்டார். ஓடிவந்த குல்சுமின் கால் வழுக்கியது.

"பார்த்துங்கக்கா!" என்று கத்திவிட்டார் ராமாமணி.

பந்து அந்தப் பக்கம் இரண்டு முறை குதித்தது. கைதட்டல். பந்து எதிராளியை நோக்கிப் போகும்போது அவரிடம் பேசினால், பேசியவருக்குப் பாயிண்ட் போச்சு. விதி அப்படி. எனக்குக் கேட்டது, கேட்காத மாதிரி இருந்தேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன், அவர் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை.

அவர் நேராக என்னிடம் வந்தார். "ஏனுங்க கதிரேசன், நான் பேசிப்போட்டனுங்க. பாயிண்ட் அவிகளுக்குங்க."

"அட உடு அம்மணி, எனக்கு அது எட்டியே இருக்காது" என்றார் குல்சும்.

"பேசுனது பேசுனதுதானுங்கக்கா."

9-9. அடுத்த பாயிண்டும் குல்சுமுக்கு. இன்னும் ஒன்று கொடுத்தால் எல்லாம் போயிற்று. ராமாமணி பந்தை உயரத் தூக்கி அடித்தார். அண்ணாந்தபடி பின்வாங்கிய குல்சும், பின்னால் கிடந்த பெஞ்சைக் கவனிக்கவில்லை. ராமாமணி கவனித்துவிட்டார். பேசினால் என்ன ஆகும் என்று அவருக்கு இப்போது நன்றாகவே தெரியும்.

"பின்னாடி பெஞ்சுங்கக்கா, நில்லுங்க!"

குல்சும் நின்றார். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்தது. யாரும் கைதட்டவில்லை. இந்த முறையும் அவரை என்னிடம் நடக்கவிட்டால் நான் மனுஷனே இல்லை. நானே அறிவித்தேன்: "பாயிண்ட், குல்சும். ஆட்டம், குல்சும்."

நாற்காலியிலிருந்து இறங்கிப் போய் ராமாமணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் எந்த ஆட்டக்காரருக்கும் அப்படிச் செய்ததில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப ஆசையா இருந்துச்சுங்க" என்றார். பிறகு கையை விடுவித்துக்கொண்டு, முன்பு வழுக்கியதில் குல்சுமுக்குக் கால் பிசகிவிட்டதா என்று பார்க்கப் போனார்.