எடின்பரோவில் இல்லாத இரண்டு வரி

ஒஸ்லோவில் ஒரு நூலகத்தின் கையெழுத்துப் பிரிவில் வேலை செய்கிறேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால், பழைய கடதாசி பார்க்கிறனான் என்பேன். பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும். எனக்கும் அது வசதி. ஆனால் அந்தக் கடதாசிகளில் ஒரு பகுதியைக் கழித்துவிடப் பார்த்தபோது நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை.

அவை ஸ்கொட்லாந்துப் பத்திரங்களின் கைப்பிரதிகள். ஓர்க்னி, ஷெட்லாந்துத் தீவுகள் ஒரு காலத்தில் நோர்வே அரசரின் கீழ் இருந்தவை. பிறகு ஸ்கொட்லாந்தின் கைக்குப் போயின. தீவுகளோடு பத்திரங்களும் போய் எடின்பரோவில் தங்கிவிட்டன. நூறு வருடங்களுக்கும் மேலாகிவிட்டது, இங்கிருந்து ஒருவரை அங்கே அனுப்பினார்கள். அவர் குந்தியிருந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையால் எழுதிக் கொண்டுவந்தார். கமராவா, மின்விளக்கா? பேனாவும் கண்ணும்தான்.

அவருடைய கையெழுத்தோடு நான் வருடக்கணக்காகப் பழகியிருக்கிறேன். கட்டிய புருசனுடைய கையெழுத்தைக்கூட நான் அவ்வளவு பார்த்ததில்லை. ஒரு தாளில் மை சிந்தியிருக்கிறது. பக்கத்தில் சின்னதாக எழுதியிருக்கிறார்: இந்தக் கறை என்னுடையது, மூலத்தில் இல்லை. இன்னோரிடத்தில் ஒரு சொல்லை ஊகித்து எழுதிவிட்டு, கீழே கோடு போட்டு, நிச்சயமில்லை என்று குறித்திருக்கிறார். இப்படிப்பட்ட மனுசனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஒரு பொறியியலாளர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். பழைய கையெழுத்தைக் கணினிக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. எடின்பரோக்காரர் தங்கள் மூலப் பத்திரங்களைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். அந்தப் படத்தையும் எங்கள் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் கணினி பழகியது. "உன்னுடைய மொழிக்காரர் வருகிறார்" என்று எங்கள் தலைவி சந்தோசமாகச் சொன்னார். முதல் நாளே அவர் "செம குளிருங்க மேடம்" என்றார். நான் "இதென்ன குளிர், தையில பாருங்கோவன்" என்றேன். இரண்டு பேரும் ஆளையாள் பார்த்துக்கொண்டு, பிறகு அன்று முழுக்க நோர்வேஜிய மொழியிலேயே கதைத்தோம்.

மூன்றாவது மாதம் அவர் தலைவிக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பிரதிகளில் பிழைகள் இருக்கின்றன, பல இடங்களில் மூலத்தில் இல்லாத சொற்கள் வருகின்றன, கணினி அவற்றைத் தள்ளிவிட்டது என்று அதில் இருந்தது. தலைவிக்கு அது அல்வா சாப்பிட்ட மாதிரி. எங்கள் களஞ்சியத்தில் இடமில்லை. மூலம் எடின்பரோவில் பத்திரமாக இருக்கிறது, படமும் இருக்கிறது, பிரதியோ பிழை. பிறகென்ன? வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவெடுத்து, அடுத்த கிழமை பெட்டிகளைக் கூழாக அரைக்க அனுப்புவது என்று மின்னஞ்சல் வந்தது.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. நேரே பொறியியலாளருடைய மேசைக்குப் போனேன்.

"தம்பி, என்ன இது?"

"என்ன மேடம்?"

"என்ர ஆள் இல்லாததை எழுதினவர் எண்டு எழுதியிருக்கிறியள்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். "ஓ, அவரா! பாவம், தூக்கத்துல எழுதிட்டார் போல மேடம். ஒரிஜினல்ல இல்லவே இல்ல, இவர் பாட்டுக்கு எழுதி வச்சிருக்கார்."

"நித்திரையில எழுதுற ஆள் தன்ர மைக்கறைக்குக் கணக்குச் சொல்லுவாரோ? நீங்கள் கண்ணால பாத்தனீங்களா, இல்லாட்டி உங்கட மெஷின் சொன்னதா?"

அவர் திரையைக் காட்டினார். மெஷின் சொன்னதுதான்.

அன்று வீடிருக்கிற வெஸ்ட்லிக்குப் போகிற ரயிலில் கடைசி நிலையம் வரை எனக்குள் நானே சண்டை பிடித்துக்கொண்டு போனேன். வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "உமக்கென்ன விசரே? ஸ்கொட்லாந்துக்காரன்ர கடதாசிக்கு நோர்வேக்காரனோட நீர் ஏன் மல்லுக்கு நிக்கிறீர்?" என்றார்.

"அது என்ர கையில இருக்கிற கடதாசி," என்றேன். அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் தேடுகிறவர்கள் தேடட்டும்.

அந்தக் காலத்துப் பிரதிக்காரர்களுக்கு ஒரு முறை இருந்தது. எழுதி முடித்ததும் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் பிரதியை உரத்து வாசிப்பார், மற்றவர் மூலத்தில் விரல் வைத்துக்கொண்டு தொடர்ந்து போவார். எல்லாம் சரியென்றால் அடியில் "ஒப்பிடப்பட்டது" என்று எழுதி இருவரும் குறி வைப்பார்கள். என் ஆளின் தாள்களில் அநேகமாக எல்லாவற்றிலும், எடின்பரோ எழுத்தர் ஒருவரின் குறியோடு, அது இருக்கிறது. கூட்டத்துக்கு முதல் நாள் பொறியியலாளரிடம் அதைக் காட்டிச் சொன்னேன்.

"நாங்களும் அப்பிடியே இருந்து பாப்பம். உங்கட மெஷின் பிழை எண்டு தள்ளின தாளில ஒண்டை எடுங்கோ. நீங்கள் பிரதியை வாசியுங்கோ. நான் படத்தில பாக்கிறன்."

நல்ல மனுசன், மறுக்கவில்லை. ஷெட்லாந்தில் ஒரு தகப்பன் தன் காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக்கொடுக்கிற பத்திரத்தை எடுத்தார். பழைய ஸ்கொட்லாந்து மொழி. அவர் எழுத்துக்கூட்டிக் கோயம்புத்தூர் ராகத்தில் வாசிக்க, நான் திரையில் விரல் வைத்தேன். மூத்தவனுக்கு இது, இளையவனுக்கு அது. சொல்லுக்குச் சொல் சரியாக வந்தது. அவர் குரலில் கொஞ்சம் சலிப்புத் தட்டத் தொடங்கியது. அப்போது என் விரல் நின்றது. அவர் வாசித்துக்கொண்டே போனார்.

"பொறுங்கோ."

"ஏன் மேடம், தப்பா வாசிச்சிட்டனா?"

"இல்லை. நீங்கள் வாசிக்கிறது இஞ்சை இல்லை. இஞ்சை ஓட்டைதான் இருக்கு."

திரையைப் பெரிதாக்கினோம். ஈரம் தின்ற ஓட்டை. தாள் மடிக்கப்பட்ட இடத்தில் தொடங்கி இரண்டு வரியை விழுங்கியிருந்தது. என் ஆள் பார்த்த காலத்தில் அங்கே ஓட்டையே இல்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பார். அவருக்குப் பிறகு வந்தது அது. மூலம் மெல்ல மெல்ல அழிந்துகொண்டிருக்க, பிரதி எங்கள் பெட்டியில் முழுசாகக் கிடந்திருக்கிறது.

அந்த இரண்டு வரியும் மகளுடைய பங்கு. எடின்பரோத் தாளில் அவளுக்கு ஒரு சாண் நிலமும் இல்லை. அப்படி ஒருத்தி இருந்ததாகவே தெரியாது. எங்கள் ஒஸ்லோத் தாளில் அவளுக்கு ஓடையிலிருந்து கடற்கரை வரை இருந்தது. காணி உறுதியில் ஒரு வரி இல்லாமல் போனால் பெண்பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று யாழ்ப்பாணத்தாளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

அவர் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "அக்கா," என்றார். அதுவரை மேடம்தான். "நான் தப்பா ரிப்போர்ட் குடுத்துட்டேன்க்கா. இது அவரு மிஸ்டேக் இல்ல. நம்ம கிட்ட மட்டும்தான் இருக்கு."

வெள்ளிக்கிழமை தலைவிக்கு முன்னாலும் அதையே செய்து காட்டினோம். தம்பி வாசித்தார், நான் விரல் வைத்தேன், ஓட்டை வந்ததும் விரலை எடுத்தேன். அவர் நிறுத்தாமல் அந்த இரண்டு வரியையும் முடித்தார். பிறகு, தன் அறிக்கையைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக நோர்வேஜிய மொழியில் தெளிவாகச் சொன்னார். அவர் வேலையில் இன்னும் நிரந்தரமாகாத ஆள். அதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

தலைவி கெட்டவர் இல்லை, இடம் தேடுகிறவர். "சரி, இந்தத் தாளை வைத்துக்கொள்ளலாம்," என்றார். "மற்றவற்றில் இப்படி எத்தனை இருக்கும்?"

"தெரியாது," என்றேன்.

"தெரியாமல் எப்படி நான்..."

"தெரியாதபடியால்தான் எறியக் கூடாது. ஒவ்வொரு தாளையும் ஒப்பிட்டு முடிக்கும்வரை ஒரு பெட்டியும் இந்தக் கட்டடத்தை விட்டுப் போகாது."

நான் கேட்கவில்லை, சொன்னேன். அவர் மடிக்கணினியை மூடிவிட்டு, "அதை யார் செய்வது?" என்றார்.

நான் வாயைத் திறக்க முன்னம், பக்கத்திலிருந்து தம்பியின் குரல் வந்தது. "நாங்கள் இருவரும்."

அரைக்கவென்று வெளியே எடுத்து வைத்திருந்த பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றித் திரும்பக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோனோம். அவர் தள்ளினார், நான் கதவைப் பிடித்தேன். அடுக்கி முடித்ததும் அந்த வரிசையை மேலிருந்து கீழே பார்த்தார். ஒரு மனிதர் தனியாக எழுதியது அவ்வளவும்.

"அம்மாடி!" என்றார். "அக்கா, திங்கக்கிழமை எத்தனை மணிக்கு ஆரம்பிக்கலாம்?"

"எட்டு மணிக்கு வாங்கோ," என்றேன். "தொண்டைக்குச் சுடுதண்ணியும் கொண்டு வாங்கோ. எத்தினை மகள்மார் இருக்கினமோ தெரியாது."