மாடில்லாத மாட்டுக் கொட்டகை

போன மாதம் எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது.

சாக்கடையை அடைத்ததற்காக நோட்டீஸ் வாங்கியவர்கள் உண்டு. தெருவை ஆக்கிரமித்ததற்காக வாங்கியவர்கள் உண்டு. மாடு வளர்க்காததற்காக வாங்கியவர் யாராவது உண்டா? இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். 'தாங்கள் கட்டியுள்ள மாட்டுக் கொட்டகையில் மாடு காணப்படவில்லை. பதினைந்து நாட்களுக்குள் மாட்டைக் காட்டவும். தவறினால் கொட்டகை அப்புறப்படுத்தப்படும்.' கீழே பஞ்சாயத்து போர்டு முத்திரை. ஓவர்சியர் கையெழுத்து.

ஊர் பேரைச் சொல்ல மாட்டேன். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓவர்சியர் வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்; நான் இன்னும் அதே ஊரில்தான் குடியிருக்க வேண்டும்.

கொட்டகையில் மாடு இல்லை என்பது உண்மைதான். அங்கே இருந்தது என் அக்கா.

மரியபுஷ்பம் அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். மாமா லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. எடப்பாடியில் மாமாவின் தம்பி வீட்டில் கொஞ்ச நாள் இருந்தாள். பதினாலு பேர் சாப்பிடுகிற வீடு அது. சமைப்பது, பாத்திரம் கழுவுவது, தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பது — எல்லாம் இவள். 'அண்ணி இருக்கிறது எங்களுக்கு எவ்வளவு ஒத்தாசை!' என்று நாளுக்கு மூன்று வேளை பாராட்டுவார்களாம். சோற்றைத்தான் எல்லோரும் சாப்பிட்ட பிறகு போடுவார்கள். ஒரு நாள் டிரங்குப் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து இறங்கினாள்.

வந்தவள் நேராகச் சமையல் கட்டுக்குள் போனாள். அங்கே என் மனைவி செசிலி இருந்தாள்.

மேற்கொண்டு நான் எழுதித்தான் ஆக வேண்டுமா? ரசத்துக்குப் பூண்டை நசுக்கிப் போடுவதா, முழுசாகப் போடுவதா? இந்த ஒரு வழக்கு எங்கள் வீட்டில் ஏழு மாதம் நடந்தது. இருவருமே நல்லவர்கள். தனித்தனியாகப் பார்த்தால் தங்கம். ஒரே அடுப்பின் முன்னால் நிறுத்தினால்... நான் ஆபீஸில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தேன்.

கடைசியில் அக்காவே வழி சொன்னாள்.

"தம்பி, பொழக்கடையில சும்மா கெடக்குற எடத்துல ஒரு ரூம்பு போட்டுக் குடு. எனக்குன்னு ஒரு அடுப்பு. அது போதும். முடியாதுன்னா சொல்லிப் போடு, நான் எடப்பாடிக்கே போயிக்கறேன்."

எடப்பாடி என்று சொல்லும்போது அவள் விரல்கள் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தன. அங்கே போனால் இனி அவள் நூல் சுற்றியே சாக வேண்டியதுதான். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சரி, ஓர் அறைதானே? மலையையா பெயர்க்கப்போகிறோம்? பஞ்சாயத்து போர்டு ஆபீஸுக்குப் போனேன்.

ஓவர்சியர் குடையை நாற்காலியில் மாட்டிவிட்டு, அளக்கும் டேப்பை மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை சுத்தமானவர். அதுதான் சிக்கலே.

"ஏனுங்க, அந்த ரூம்புல அடுப்பு வருதுங்களா?"

"வருதுங்க."

"அப்ப அது ரூம்பு இல்லீங்க. ஊடு. ஒரே மனையில ரெண்டாவது ஊடு."

இரண்டாவது வீடு என்றால் தெருவிலிருந்து அதற்குத் தனியாகப் பத்தடிப் பாதை வேண்டுமாம். நாலு பக்கமும் ஐந்தடி விட வேண்டுமாம். தனிக் கக்கூஸ். தனிக் கதவு நம்பர். என் புழக்கடையில் நாலு பக்கமும் ஐந்தடி விட்டால் நடுவில் மிஞ்சுவதில் ஒரு கோழியைக் குடிவைக்கலாம் — அதுவும் கோழி கொஞ்சம் அனுசரித்துப் போனால்.

"அடுப்பு இல்லைன்னா?" என்றேன்.

"கொட்டாய்ங்க. மாட்டுக் கொட்டாய்க்குப் பிளான் வேண்டாம், பாதை வேண்டாம். ஒரு பாரம் எழுதிக் குடுத்தாப் போதும்."

வீட்டுக்குத் திரும்பும்போதுதான் எங்கள் தெருவை முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். ஒன்பது மாட்டுக் கொட்டகைகள். மாடுகள் இரண்டு. ஒரு கொட்டகையில் டிராயிங் மாஸ்டர் குடும்பத்தோடு இருக்கிறார். இன்னொன்றில் தையல் மிஷின் ஓடுகிறது. மூன்றாவதில் போன தை மாதம் கல்யாணமான ஜோடி... ஜன்னலுக்குப் பச்சைத் திரை! எந்த மாடு திரை கேட்டது?

ஓவர்சியருக்குத் தெரியாதா? தெரியாமல் என்ன. ஆனால் புகார் வந்தால்தான் பார்ப்பார். கூப்பிட்டால்தான் வருவார். அழையாத வீட்டுக்குள் தலையை நீட்டுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. புகார் செய்ய ஆளில்லை. கூப்பிட யாருக்கும் பைத்தியமில்லை. ஊர் நிம்மதியாக இருந்தது.

பாரத்தை வாங்கி வந்தேன். வீடோ, கடையோ, கொட்டகையோ — எல்லாவற்றுக்கும் அதே அச்சடித்த பாரம்தான். 'வசிப்போர் பெயர்' என்று ஒரு கட்டம். அதில் ஒரு கோடு கிழித்தேன். 'கால்நடை: எண்ணிக்கை, வகை, நிறம், குறிப்பு' என்று இன்னொரு கட்டம். இங்கேதான் என் கை சும்மா இருக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை உங்களைச் சிரிக்கவைத்துப் பழகிய கை, பாருங்கள்!

எண்ணிக்கை: ஒன்று. வகை: பசு. நிறம்: செவலை. அக்கா நல்ல சிவப்பு. 'குறிப்பு' என்ற இடம் காலியாகக் கிடந்தது. விடுவேனா? 'வயதானது, சில சமயம் முட்டும்' என்று எழுதினேன். செசிலிக்குப் படித்துக் காட்டினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தபடியே கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாளே அனுமதி வந்துவிட்டது.

கொத்தனார் மாரப்பனுக்கு இந்த வேலை புதிதல்ல.

"மாட்டுக்கு எத்தனை ஜன்னலுங்க?" என்றார்.

"ரெண்டு."

"பாத்திரம் வெக்கறதுக்குப் பலகை?"

"ஒண்ணு."

"மாடு நின்னுட்டுச் சமைக்குமுங்களா, உக்காந்துட்டுச் சமைக்குமுங்களா?"

"உட்கார்ந்து."

மனிதர் சிரிக்கவே இல்லை. வாசலில் மட்டும் கண்துடைப்புக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினார். அக்கா அதில் செம்மண்ணைக் கொட்டிக் கனகாம்பரம் நட்டாள். உள்ளே மாடத்தில் சூசையப்பர் படத்தை வைத்தாள். களிமண்ணைத் தானே பிசைந்து, தானே அடுப்புப் போட்டாள். ஈரம் காயக் காயப் போய்த் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாமா போன பிறகு அவள் பாட்டு முணுமுணுத்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இதோடு நிறுத்தியிருந்தால் பத்தாவது கொட்டகையாக நாங்களும் ஊரோடு கலந்திருப்போம். ஆனால் புது வீடென்றால் பால் காய்ச்ச வேண்டாமா? காய்ச்சுவதென்றால் நாலு பேரைக் கூப்பிட வேண்டாமா? எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டைக் கூப்பிட்டு அடுத்த வீட்டை விட்டால் அந்தப் பகை பேரன் பேத்தி காலம் வரைக்கும் வரும். அக்கா வெற்றிலை பாக்குத் தட்டோடு கிளம்பினாள். எங்கள் தெரு முழுக்க அழைத்தாள். பக்கத்துத் தெரு முழுக்க அழைத்தாள்.

பால் காய்ச்சுகிற அன்று காலையில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

"ஓவர்சியர் ஊட்டுக்கும் சொல்லிட்டு வந்துட்டேன் தம்பி. அவரு சம்சாரம் சந்தையில பாத்தா நின்னு பேசுற பொம்பளை. அதுமில்லாம, கட்டறதுக்கு அனுமதி குடுத்த மனுசனையே உட்டுட்டுக் கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?"

திருடன் போலீஸுக்கு வெற்றிலை பாக்கு வைத்தது போல என்றால் அக்காவுக்குக் கோபம் வரும். அவளைப் பொறுத்தவரை அவள் ஒன்றும் திருடவில்லை. மாட்டுக் கொட்டகை என்று ஏதோ எழுதிக் கொடுத்தால்தான் அனுமதி என்று மட்டும் சொல்லியிருந்தேன். அடுப்புக் கதையைச் சொல்லவில்லை. பாரத்தைக் காட்டவும் இல்லை. எப்படிக் காட்டுவேன்?

பங்குச் சாமியார் தீர்த்தச் செம்போடு வந்தார். உள்ளே பார்த்தார், வெளியே தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எதை மந்திரிக்கணும்? வீட்டையா, தொழுவத்தையா? ரெண்டுக்கும் ஜெபம் வேற வேற."

"சாமி... பேப்பர்ல தொழுவம்ங்க."

"பரவாயில்லை. ஆண்டவரே தொழுவத்துலதான் பிறந்தார். அப்ப யாரும் பிளான் கேக்கலை" என்று சொல்லிவிட்டு வீட்டு ஜெபத்தையே சொன்னார்.

பால் பொங்கி வழிந்தது. பெண்கள் கை தட்டினார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் குடை தெரிந்தது. ஓவர்சியர், கூடவே எவர்சில்வர் தூக்கோடு அவர் மனைவி. அடுப்பைப் பார்த்தார். அக்கா சிரித்த முகமாய் ஒரு டம்ளர் பாலை நீட்டினாள். புது வீட்டுப் பாலை வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆள் இந்தச் சீமையில் இன்னும் பிறக்கவில்லை. வாங்கிக் குடித்தார்.

"பால் நல்லாருக்குதுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாடு எங்கீங்க?" என்றார்.

"மேயப் போயிருக்குதுங்க" என்றேன்.

டிராயிங் மாஸ்டர் மெல்ல நழுவித் தன் கொட்டகைக்குப் போனார். எதற்கும் கதவைச் சாத்திவிட்டு வரலாம் என்று நினைத்திருப்பார்.

திங்கட்கிழமை நோட்டீஸ் வந்தது. அடுப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அந்த அடுப்பில் காய்ச்சிய பாலைக் குடித்த வாய்க்கு அடுப்பைக் குறை சொல்ல மனம் வரவில்லை போலிருக்கிறது, மாட்டோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் ஆபீஸ் முறைப்படி என் பாரத்தின் நகலைப் பின்னால் குத்தி அனுப்பியிருந்தார். நான் ஆபீஸில் இருந்தேன். பியூனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியது அக்கா. கான்வென்டில் எட்டாவது வரை படித்தவள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தேன். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எண்ணிக்கை ஒண்ணு. பசு. நெறம் செவலை. வயசானது, சில சமயம் முட்டும்" என்று நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "இது யாரு தம்பி?"

வாராவாரம் இந்தப் பக்கத்தை நிரப்புகிறவன் நான். அன்றைக்குக் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே இருந்தேன். செசிலி சமையல் கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த வயதில் இப்படி வெட்கப்படுவேன் என்று நான் நினைத்ததில்லை.

மறுநாள் அக்கா வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எடப்பாடி பஸ்ஸுக்குத்தான் போகிறாள் என்று பின்னாலேயே ஓடினேன். அவள் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நேராகப் பஞ்சாயத்து போர்டு ஆபீஸுக்குள் போய் ஓவர்சியர் மேஜை முன்னால் நின்றாள்.

"மாட்டைக் காட்டச் சொல்லி எழுதியிருந்தீங்க. இந்தப் பாரத்துல இருக்குற மாடு நாந்தானுங்க. நெறம் சரியா இருக்குதான்னு பாத்துக்குங்க. முட்டறதும் நெசந்தானுங்க."

டைப்ரைட்டர் சத்தம் நின்றது. ஓவர்சியர் எழுந்துவிட்டார். தன் நாற்காலியிலிருந்து குடையை எடுத்துவிட்டு, "உக்காருங்கம்மா" என்றார். நான் சுவரில் தொங்கிய காலண்டரை மிகுந்த கவனத்தோடு படித்தேன்.

அக்கா உட்காரவில்லை. "ஊரார் அடுப்புல ஆக்கிப் போட்டே பாதி ஆயுசு போச்சுங்க. மிச்சத்துக்காவது என் சோத்தை நானே ஆக்கித் திங்கோணும். அதுக்கு மாடாத்தான் இருக்கோணும்னா இருந்துக்கறேன். எனக்கு வருத்தமில்லீங்க. ஆனா எழுதறப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும்." இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

ஓவர்சியர் ரூல் புத்தகத்தை எடுத்தார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்தார்.

"அம்மா, ஒரு மனைக்கு ஒரு ஊடுன்னுதானுங்க ரூல்ல இருக்குது. ஒரு ஊட்டுக்கு இத்தனை அடுப்புன்னு எங்கியும் இல்லீங்க. உங்க தம்பி ஊட்டுப் பின்வாசலுக்கும் உங்க வாசலுக்கும் நடுவுல கூரையைப் போட்டு இணைச்சுப் போடுங்க. அப்புறம் எல்லாம் ஒரே ஊடுதான். சமையல் கட்டு விரிவுன்னு எழுதிக் குடுங்க. ரெண்டு அடுப்பு எரியட்டும், பத்து எரியட்டும், என்னை யாரும் கேக்க முடியாது."

மாரப்பன் வந்தார். பதினோரடி நீளத்துக்கு ஓட்டுக் கூரை. தனியாகப் பிரிந்தால் போதும் என்றிருந்த இரண்டு பெண்களைச் சட்டம் ஒரே கூரையில் முடிந்து வைத்துவிட்டது! இப்போது செசிலி மழையில் நனையாமல் ரசத்தை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் உப்புப் பார்க்கச் சொல்கிறாள். பூண்டு வழக்கு மட்டும் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

அடுப்பைப் பார்க்கத் தெரிந்த சட்டத்துக்கு ஆளைப் பார்க்கத் தெரியவில்லையே என்று இந்தப் பத்தியை முடிக்கத்தான் முதலில் நினைத்தேன். அடிக்க வசதியான ஆள் சட்டம், திருப்பி அடிக்காது. ஆனால் 'வசிப்போர்' கட்டத்தில் கோடு கிழித்தது சட்டமா? நான்.

புதுப் பாரத்தை அக்கா என்னிடம் தரவில்லை. கான்வென்ட் கையெழுத்தில், உருண்டை உருண்டையாகத் தானே நிரப்பினாள். மனை என் பேரில் இருப்பதால் கையெழுத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டாள். வசிப்போர்: மரியபுஷ்பம். அடுத்து செசிலி. அடுத்து என் இரண்டு குழந்தைகள். என் பேரைத் தேடினேன். இல்லை. கண் கீழே போனது. கால்நடை — எண்ணிக்கை: ஒன்று. வகை: காளை. நிறம்: கறுப்பு. குறிப்பு: 'எழுதும்.'

போட்டேன் கையெழுத்தை. வேறென்ன செய்ய?

போன வாரம் ஓவர்சியர் பாரத்தோடு சரிபார்க்க வந்தார். இந்தத் தடவை மாடு எங்கே என்று கேட்கவில்லை — என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டிக் போட்டுக்கொண்டார்.