பெரிய மஞ்சள்தான் வேண்டும் என்றேன்

இங்கிலாந்தில் குடியேறிவிட்ட என் அக்கா, கடிதத்துக்குக் கடிதம் "இங்கே டாஃபடில் பூத்துக் கிடக்கிறது" என்று எழுதி என் வயிற்றெரிச்சலைக் கிளப்புவாள். முடிவில், "யாங்கோன்லயே கெடந்து நீ என்னத்தடி கண்ட?" என்று ஒரு வரி வேறு. ஒருமுறை டாஃபடில் ரகங்களின் படப் புத்தகம் ஒன்றை அனுப்பி, மாசியில் வருகிறேன், பிடித்த ரகத்தைச் சொல், நடுவதற்கு முன்னதாகவே அதன் கிழங்கு அனுப்புகிறேன் என்றாள்.

அவள் வரும்போது என் வாசலில் அந்தப் பூ நிற்க வேண்டும், அவள் வாயடைத்துப் போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் நிதானமாகப் புரட்டி, கொத்தாகப் பூக்கும் சின்ன வெள்ளை ரகத்தில் விரல் வைத்தார்.

"இது போதும். வாசனை உண்டுன்னு போட்டிருக்கு."

"இத்தினியூண்டு பூவ யாரு பாப்பா?" என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டேன். சாசர் அகலத்துக்கு விரிந்த பெரிய மஞ்சள்தான் வேண்டும் என்று எழுதிப்போட்டேன்.

கிழங்கோடு ஒரு சீட்டும் வந்தது: மூன்று மாதம் குளிரில் வைக்கவும். குளிருக்கு நான் எங்கே போவேன்? எங்கள் ஊர் கரண்டை நம்பி பிரிட்ஜில் எதையும் வைக்க முடியாது; எறும்புக்குப் பயந்து சர்க்கரை டப்பா வைக்கிற அலமாரி அது. மூன்று மாதமும் ஐஸ் கட்டி வாங்கி, உமி போட்ட பெட்டியில் கொட்டி, அந்தக் கிழங்குகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "மீன் யாவாரமாக்கா?" என்று ஐஸ்காரர் கேட்டது மானக்கேடு.

தொட்டியில் நட்டதும் முளைத்தது. வெங்காயத் தாள் மாதிரி இலை, இலை, மேலும் இலை. மாசியும் பிறந்துவிட்டது. எரிச்சலில் படப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். அந்தச் சின்ன வெள்ளைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது: குளிர் தேவையில்லை.

"இத அன்னைக்கே படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"சொல்லித் தொலைச்சா என்ன?"

"நீ எங்க சொல்லவிட்ட?"

தொட்டிகளை ஒளித்து வைப்பதற்குள் அக்கா வந்து இறங்கிவிட்டாள். வீட்டுக்குள்கூட வராமல் தொட்டியருகே உட்கார்ந்து இலைகளைத் தடவினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒந்தோட்டத்துல மட்டும் எப்படிக்கா அப்படிப் பூக்குது?"

"எனக்கேதுடி தோட்டம்? அஞ்சாவது மாடியில இருக்கேன். பார்க்குல பாத்ததத்தான் எழுதினேன்."

அவள் விரல்கள் தொட்டி மண்ணுக்குள் இருந்தன. எழுந்திருக்கிற எண்ணமே இல்லை. உள்ளே போய்ப் படப் புத்தகத்தை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன்.

"இந்தத் தடவ நீ சொல்லுக்கா. இங்கேயே நடுவோம்."