போர்வை போர்த்திய போலீஸ் வண்டி

ரோஜாப்பூப் போட்ட போர்வையை ஜீப்பின் வலது கதவில் விரித்து, நுனியை உள்ளே செருகிக் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார் ஏட்டம்மா ஜெசிந்தா. இடது கதவுக்கு ஈரத்துண்டு. முகப்பில் ‘காவல்’ என்ற எழுத்தின்மேல் ஒரு கட்டு அகத்திக்கீரை. ‘பெண்களுக்கு எதிரான குற்றங்கள் புலனாய்வுப் பிரிவு’ என்று ஊருக்கே தமுக்கடித்த வண்டி இப்போது யாரோ துணி காயப்போட்ட வண்டி.

அரசாங்கம் நல்ல மனதோடுதான் கொடுத்தது. தனிப்பிரிவு, தனி அறை, புது வண்டி. எழுத்தை மட்டும் கொஞ்சம் தாராளமாகக் கொடுத்துவிட்டது. அந்த எழுத்தோடு ஒரு வாசலில் நின்றால், புகார் கொடுத்தவள் யாரென்று பால்காரர் வரைக்கும் தெரிந்துவிடும். மறுநாள் அவளே வந்து, “ஒண்ணும் நடக்கலம்மா” என்பாள். அதனால் வண்டி எங்கள் பஞ்சர் கடை மரத்தடியில் நிற்கும். ஏட்டம்மா மஞ்சப்பையோடு, தவணைக்குச் சேலை விற்பவர் மாதிரி நடந்து போவார். ஆய்வுக்கு வந்த அதிகாரி போர்வையைப் பார்த்து முறைத்தாராம். “எழுத்து உங்களுக்குங்கய்யா, போர்வ பிள்ளைகளுக்கு” என்று விறைப்பாக சல்யூட் அடித்தாராம் இவர்.

நான் சும்மா இருப்பேனா? போன மாதம் போர்வையில் ‘விற்பனைக்கு’ என்று ஓர் அட்டையைக் குத்திவிட்டேன். இரண்டு பேர் விலையே கேட்டுவிட்டார்கள். ஏட்டம்மா என் காதைத் திருகினார். அட்டையை மட்டும் கழற்றவில்லை.

“ஏண்டி வாலு, பத்தாப்புல கோட்டைவிட்ட மண்டைக்குள்ள இம்புட்டு இருக்கா?”

வண்டிக்குள் ஓட்டுநர் தலைக்குமேல் இருக்கும் கண்ணாடி எப்போதும் கூரையைப் பார்த்தே இருக்கும். ஏன் என்று கேட்டால், “பின்னாடி உக்காந்து அழுகுற பிள்ளைய நாம பாத்தா போலீஸு, பாக்கலைன்னா பஸ்ஸு. பஸ்ஸுலதாண்டி மனுசி நிம்மதியா அழுவா” என்பார்.

இன்று காலை மில்லில் வேலை பார்க்கும் ஒரு பிள்ளைக்காகக் காத்திருந்தார். பெயரைச் சொல்லக்கூடாது என்பது சட்டமாம். எனக்குச் சட்டம் தெரியாது, ஏட்டம்மாவின் காதுத்திருகல் தெரியும். இன்று அவள் நீதிபதி முன்னால் வாய் திறக்காவிட்டால், அவள் புகார் கொடுத்த சூப்பர்வைசர் ஜாமீனில் வந்து அவளுடைய ஷிப்டிலேயே நிற்பான். ஏட்டம்மா கீரைக்கட்டிலிருந்து இலை இலையாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். முகப்பில் ‘கா’ தெரிய ஆரம்பித்துவிட்டது.

“ஏட்டம்மா, கீரை தீரப்போகுது.”

“வாய மூடுடி. வருவா.”

“வரலைன்னா?”

இன்னொரு இலை விழுந்தது.

வந்தாள். கையில் தூக்குச்சட்டி. எதிர் டீக்கடையில் நாலு ஆண்கள், எட்டுக் கண்கள். வண்டியைத் தாண்டிப் பஸ் நிறுத்தம் வரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடி தாண்டினாள். ஏட்டம்மா ஏறி உட்கார்ந்து, நேரே ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். கூப்பிடவில்லை. முதுகு மட்டும் கல்லாகிக் கிடந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. “சந்தப்பேட்ட வளைவுல பிராய்லர் லாரி கவுந்துருச்சுடோய்! கோழியெல்லாம் ரோட்டுல ஓடுது!”

குடித்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்கள். ஒருவர் போகிற போக்கில் எங்கள் சாக்குப்பையையும் தூக்கிக்கொண்டு போனார்.

பின்கதவு திறந்து மூடும் சத்தம். வண்டி லேசாக அமுங்கியது. உள்ளே ஒரு விசும்பல்.

ஏட்டம்மாவின் கை தலைக்குமேல் இருந்த கண்ணாடிக்கு எழுந்தது. பாதியில் நின்றது. பிறகு நீண்டு, அதை இன்னும் கொஞ்சம் கூரைப் பக்கம் திருப்பிவிட்டு, சாவியைத் திருகியது.