மூச்சுப் பார்க்கும் வேலை

மூச்சை எண்ணப் போகிறோம் என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது. சொன்னால் போதும், போட்டோவுக்கு நிற்பவர்போல உடனே ஒழுங்காக மூச்சுவிட ஆரம்பித்துவிடுவார். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் மார்பின்மேல் வைத்திருக்க வேண்டும். நர்சிங் படித்த எல்லோருக்கும் தெரிந்த சின்னத் திருட்டுத்தனம் இது. கல்யாணமான புதிதில் இதை என் கணவரிடம் சொல்லி இருவரும் சிரித்தோம்.

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய ஒரு நர்சிங் ஹோமில் நான் வேலை பார்த்தேன். டாக்டர் நெஞ்சு நோய் நிபுணர், கறாரான ஆள். அவர் வருவதற்குள் நாங்கள் நோயாளியை முழுக்கப் பார்த்து முடித்திருக்க வேண்டும். முதலில் வெறும் கண்ணால் பார்க்க வேண்டும்: உதட்டின் நிறம், நகத்தின் வளைவு, மூச்சிழுக்கும்போது கழுத்துத் தசை எழும்புகிறதா என்பது. பிறகு முதுகில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, "ஒண்ணு, ஒண்ணுன்னு சொல்லுங்க" என்போம். குரலின் அதிர்வு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கைக்கு வர வேண்டும். அப்புறம் விரலால் தட்டிப் பார்ப்பது. ஸ்டெதாஸ்கோப் கடைசியில்தான். "லேசா சளி சிஸ்டர், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சளியா இல்லையா என்று சொல்லத்தானே நாங்கள் இருக்கிறோம்.

என் கணவர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் இருந்தார். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றி எடுத்த சாமான்களின்மேல் காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்கிற பிரிவு. கித்தான் முகமூடி ஒன்று கொடுத்திருந்தார்கள். புழுக்கம் தாங்காமல் அதைக் கழற்றிவிட்டு எல்லோரும் துண்டைத்தான் கட்டிக்கொள்வார்கள். கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீடு. மாமனார் காலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலை என்பது அந்த வீட்டில் சாமி மாதிரி.

அந்தப் பிரிவு ஆட்களுக்குக் கம்பெனி வெல்லம் கொடுக்கும். வெல்லம் தின்றால் தொண்டையில் போன தூசி அதோடு ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் இறங்கிவிடும், காலையில் வெளியே போய்விடும் என்று எல்லோரும் நம்பினார்கள். மூச்சுக்குழாய் வேறு, சாப்பாட்டுக் குழாய் வேறு என்று நான் படம் வரைந்தே காட்டினேன்.

"நீ பட்சவதான், இல்லன்னு சொல்லல" என்றார். "எங்க மேஸ்திரி எத்தினி வருசமா துன்றாரு. கல்லாட்டம் கீறாரு."

மேஸ்திரி மணலுக்குப் பக்கத்திலேயே போவதில்லை என்பதைச் சொன்னால் சண்டை வரும். விட்டுவிட்டேன்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் அவர் பகலில்தான் தூங்குவார். நான் காலை டூட்டி முடித்து மதியம் வருவேன். ஒருநாள் அவர் தூங்குவதைப் பார்த்தபோது கழுத்துத் தசை எழும்பி எழும்பி இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். கண்ணைத் திறந்தார்.

"இன்னா, எண்றியா?" என்று சிரித்துவிட்டு, மூச்சை இழுத்துப்பிடித்து மெதுவாக விட்டுக் காட்டினார்.

அதற்குப் பிறகு நான் பக்கத்தில் உட்காரவில்லை. சமையலறை வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குகிற சாக்கில் எண்ணினேன். ஒவ்வொரு மாதமும் எண்ணிக்கை கூடியது. ஒரு தலையணை இரண்டானது, அதன் கீழே மடித்த போர்வையும் வந்தது. டாக்டரிடம் காட்டலாம் வாருங்கள் என்றால் லீவு போட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவான் என்றார். கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். அப்புறம் எனக்கே அலுத்துவிட்டது. பயம்கூட அலுத்துப்போகும் என்று அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு மதிய டூட்டி விழுந்த ஒரு சாயங்காலம் அவர் ரயில்வே மேம்பாலப் படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். கூட வேலை செய்பவர் ஆட்டோவில் வைத்து நேராக எங்கள் நர்சிங் ஹோமுக்கே கொண்டுவந்தார். நீ வெளியே இரு, நான் பார்க்கிறேன் என்று கூட இருந்த சிஸ்டர் சொன்னாள். வேண்டாம் என்றேன். சட்டையைக் கழற்றி உட்காரவைத்து, முறைப்படி எல்லாம் பார்த்தேன். உதடு மங்கிக் கிடந்தது. நகங்கள் வளைந்திருந்தன. முதுகில் கையை வைத்து "ஒண்ணு, ஒண்ணுன்னு சொல்லுங்க" என்றேன், மற்றவர்களிடம் சொல்கிற அதே குரலில். அவரும் அந்நிய மனிதர்போலச் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. கை பாட்டுக்கு அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்.

"மணல்மா. உள்ள போனது போனதுதான். இருக்கிறதையாவது காப்பாத்தணும்னா இனிமே அந்த வேலைக்குப் போகக் கூடாது."

"சரி சார்" என்றேன். அடுத்த படுக்கைக்கு ஊசி போட வேண்டிய நேரம். போட்டேன்.

வீட்டில் என் மாமியார்தான் இடிந்துபோனார். மகன் கொண்டுவந்த வெல்லத்தில் பாதியைப் பொங்கலுக்கும் பாயசத்துக்கும் போட்டவர் அவர்.

"நான்தாம்மா எம்புள்ளைய இப்டி ஆக்கிட்டேன். அவன் துன்ன வேண்டியத எடுத்து ஊருக்கே பாயாசம் காச்சி ஊத்தினேன்."

"அத்த, வெல்லத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அது மணலு."

"நீ என்னிய சமாதானம் பண்றதுக்குச் சொல்றே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த வெல்லத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். கொடுத்த கம்பெனிக்காரன் நிம்மதியாக இருந்தான், தின்னக் கொடுக்காதவள் அழுதுகொண்டிருந்தாள்.

உடம்பு முடியாமல் நிற்பவரின் இடத்தை அவர் வீட்டு ஆளுக்கே கொடுப்பது அந்தத் தொழிற்சாலையின் வழக்கம். யூனியன்காரர்கள் பேசி, என் கொழுந்தனுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். லாரியில் செங்கல் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவன், இருபத்து நான்கு வயது. எந்த இடம் காலியோ அந்த இடம்தான் கிடைக்கும். காலியானது என் கணவரின் இடம். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மாமியார் பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சாப்பிட்டார்.

"வேற செக்‌ஷன் கேட்டிருக்கலாம்ல?" என்றேன் கணவரிடம்.

"கேட்டேன். இல்லன்னுட்டாங்க. இத உட்டா... இதுவும் பூடும்."

சேர்வதற்கு முன் நெஞ்சைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்றார்கள். அது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று யோசித்துப் பார்த்தேன். உள்ளே போகும்போது நெஞ்சு நன்றாக இருந்ததா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம்; வெளியே வரும்போது எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கொழுந்தன் எங்கள் நர்சிங் ஹோமுக்கே வந்தான், கூச்சத்தோடு சட்டையைக் கழற்றினான்.

முதுகில் கை வைத்தேன். அவன் ஒண்ணு, ஒண்ணு என்றதும் இரண்டு கையிலும் ஒரே சீராக அதிர்ந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். காற்று அடிவரைக்கும் தங்குதடையில்லாமல் போய்த் திரும்பியது. கரகரப்பு இல்லை, விசில் இல்லை. ஐந்தாறு இடத்தில் கேட்டால் போதும். நான் முதுகு முழுக்கக் கேட்டேன், மறுபடியும் மேலிருந்து தொடங்கினேன். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி முதுகு. கல்யாணமான அன்று என் கணவருக்கும் உள்ளே இப்படித்தான் கேட்டிருக்கும். அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

"இன்னா அண்ணி, எதுனா கீதா?" என்றான்.

"ஒண்ணும் இல்ல. ரொம்ப நல்லா இருக்கு. அதனாலதான் சொல்றேன், அந்த வேலைக்குப் போகாத."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டான். "நான் போவலன்னா அண்ணன் மருந்துக்கு இன்னா அண்ணி பண்றது? உன் ஒரு சம்பளத்துல ஊடு நடக்குமா?"

நான் சான்றிதழ்த் தாளை எடுத்து டாக்டர் மேசையில் வைத்தேன். டாக்டர் வந்து பார்த்து, எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உண்மையைத்தான் எழுதினார்.

திங்கட்கிழமை காலை அவன் கிளம்பினான். கம்பெனி ஷூ வர நாளாகும் என்று என் கணவர் தன்னுடையதை எடுத்துக் கொடுத்தார். அது அவனுக்குப் பெரிதாக இருந்தது. நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து, முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு அவர் சொன்னார்:

"முன்னால... துணி வெச்சுக்கடா. ரெண்டு நாளு... கடிக்கும். அப்பால... பழகிடும்."

அவர் சொல்லி முடிக்கிறவரை பொறுமையாக நின்று கேட்டான். தெருமுனையில் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. "வரேண்ணா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெரிய ஷூவோடு ஒரே ஓட்டமாக ஓடிப்போய் ஏறிக்கொண்டான். அவனுக்கு இரைக்கவே இல்லை.