கக்கூஸ் படம் போட்ட வெப்சைட்

மலையடிவாரத்து நல்லதண்ணி ஊரில் எங்கள் டீக்கடைக்கு மேலே இரண்டு அறை கட்டினோம். சிவனொளிபாத மலை ஏற வரும் வெள்ளைக்காரர்கள் தங்குவார்கள் என்று நம்பினோம். எங்கே வந்தார்கள்? பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பெரிய கெஸ்ட் ஹவுஸ் தரகன் பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். முதல் சீசன் அப்படியே போனது. அடுத்ததும் இப்படியென்றால் கொழும்புக் கடை வேலைக்கே திரும்பிவிடுவதாக என் புருஷன் சொல்லிவிட்டார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வீட்டுக்கு வரும் புருஷனோடு குடும்பம் நடத்தி எனக்கு வெறுத்துப்போயிருந்தது. மறுபடி அது வேண்டாம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் ஆகியிருந்தது. வெப்சைட் இருந்தால் வெள்ளைக்காரன் அவன் ஊரிலிருந்தே பார்த்து வருவான் என்று கடையில் யாரோ பேசிக்கொண்டார்கள். பக்கத்து டவுனான ஹட்டனுக்கு பஸ் ஏறினேன்.

அங்கே இன்டர்நெட் கடை வைத்திருந்த தம்பி, இலவசமாக வெப்சைட் செய்யும் இடத்தைத் திறந்து காட்டினான். மீதியை நானே நோண்டிக் கற்றேன். பள்ளிக்கூட இங்கிலீஷ் போதுமாக இருந்தது. பல தடவை போய்வந்து ஒரு பக்கம் செய்தேன். பெரிய சூரிய உதயப் படம், ஓடும் எழுத்து, மினுங்கும் நட்சத்திரம், ஊதா மேல் சிவப்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“என்னக்கா, கல்யாண வீடா? மேளந்தான் பாக்கி,” என்றான்.

“நீ ஒன் வேலையப் பாரு.”

“படம் வந்து முடியிறதுக்குள்ள வெள்ளைக்காரன் தூங்கிருவான். நீங்களே பாருங்க.”

பார்த்தேன். சூரியன் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. மலை வந்தபாடில்லை. ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில்தான் உறைத்தது. மலைப் படம் எல்லாரிடமும் இருக்கிறது. தப்பித்தவறி எங்களிடம் வந்த ஒன்றிரண்டு பேர் கட்டிலைக்கூடப் பார்க்கவில்லை. நேரே கக்கூஸ் கதவைத் திறந்து, சுடுதண்ணிக் குழாயைத் திருகிக் கைவைத்துப் பார்த்தார்கள். குளிரில் மலையேறி இறங்குகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

கக்கூஸைத் தேய்த்துக் கழுவி, குழாயைத் திறந்து ஆவி பறக்க விட்டு, இரவல் கேமராவோடு நின்றேன்.

“கக்கூசப் போய் கம்ப்யூட்டர்ல போடுவியா? ஊரே சிரிக்கும்டி,” என்றார் புருஷன்.

“ஊரா வந்து வாடகை குடுக்குது? தள்ளி நில்லுங்க, ஒங்க நெழல் விழுது.”

இந்தத் தடவை வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து. சின்னதாகக் கக்கூஸ் படம், அதற்குக் கீழே கட்டில் படம். எங்கே இறங்க வேண்டும், போன் நம்பர், ஈமெயில். கடைசியில் ஒரு வரி: ‘எங்கள் அறை நிறைந்துவிட்டது என்று பஸ் ஸ்டாண்டில் ஒருவன் சொல்வான். அது பொய்.’ பக்கம் சட்டென்று திறந்தது. தம்பி இன்னொரு தடவை திறந்து பார்த்துக்கொண்டான்.

அடுத்த தடவை ஹட்டன் போனபோது ஒரு ஆஸ்திரேலியாக்காரியின் ஈமெயில் வந்திருந்தது. சுடுதண்ணி நிஜமாகவே வருமா என்று கேட்டிருந்தாள். வரும், வராவிட்டால் வாடகை தர வேண்டாம் என்று எழுதினேன்.

சீசன் தொடங்கியதும் அவள் தன் புருஷனோடு வந்து இறங்கினாள். கூட்டிவர நானும் என் புருஷனும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தோம். எங்கள் டீக்கடை எங்கே என்று அவள் யாரையோ கேட்க, நாங்கள் எட்டுவதற்குள் தரகன் பாய்ந்து போனான்.

“அந்த ரூம் ஃபுல், மேடம்! ஃபுல்!”

அவள் சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். எங்கள் கக்கூஸ். அதன் கீழே அவனைப் பற்றிய வரி.

“என்னக்கா, கக்கூசக் காட்டியா ஆள் புடிக்கிறீங்க?” என்று என்மேல் பாய்ந்தான்.

“ஆமாடா. ஒங்க மொதலாளி கக்கூசு காட்டுற மாதிரி இருந்தா, அவரையும் காட்டச் சொல்லு.”

பஸ் ஸ்டாண்டே சிரித்தது. என் புருஷன்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார்.

அவள் ஊருக்குப் போய்த் தன் கூட்டாளிகளுக்குச் சொன்னாள். ஈமெயில் மேல் ஈமெயில். சீசன் பாதியில் புருஷன் கொழும்புக்கு போன் போட்டார்.

“வரல மொதலாளி. இங்க வேல தலைக்கு மேல கெடக்கு.”

அவர் போனை வைக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன். பிறகு, மூன்றாவது அறைக்குக் கக்கூஸை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று கேட்டேன்.